களிமண் விலை

மர்ரே ஆறு முழங்கை மடக்கும் இந்த இடத்தில்
நாற்பத்தேழு வீடுகள், ஒரு பாதாம் ஆலை,
மூன்று மணிக்கே மூடிவிடும் பேக்கரி,
பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளி.
அரசு தந்தது
இரண்டேகால் கிலோமீட்டர் கரைக்கான காசு.
ஆறு கேட்டது மூன்று.

நான் வட்டார சபையின் திட்ட அலுவலர்.
திரையில் நீலக் கோடு இழுப்பது என் சம்பளம்.
நூறாண்டுக்கு ஒருமுறை என்று நாங்கள் பெயர் வைத்த வெள்ளம்
பன்னிரண்டு ஆண்டில் இரண்டு முறை வந்து போயிற்று.
பெயரை இன்னும் மாற்றவில்லை.

ஆலையில் நூற்றெண்பது பேருக்கு வேலை.
ஆகவே ஆலை உள்ளே.
பள்ளி உள்ளே. கழிவுநீர் பம்பு உள்ளே.
தெற்கே, தார்ச்சாலை மண்சாலையாகும் முனையில்
ஆற்றுக்கு விட்டது ஆறு வீடு.
அவற்றைக் காக்க ஒரு டாலர் போட்டால்
நாற்பத்தொரு சென்ட் திரும்பும் என்றது அட்டவணை.
அட்டவணை பொய் சொல்லாது.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

கூட்டம் கால்பந்து கிளப்பில்.
லோரெய்ன் நோஸ்கே கடைசி வரிசையில் இருந்தார்,
விடுபட்ட ஆறில் நான்காவது வீட்டுக்காரி.
கத்துவார் என்று முன்கூட்டியே தண்ணீர் குடித்து வைத்தேன்.
அவர் கேட்டது ஒன்றே:
"கரைக்கு மண் எங்கிருந்து வரும்?"

சிலர் சிரித்தார்கள்.
நான் கோப்பைப் புரட்டினேன்.
கோப்பில் மண் இல்லை.

பிறகு துளையிட்டோம். மணல். மணல்.
பாதாம் தோப்புக்குப் பின்னால் சுண்ணாம்பு, மறுபடி மணல்.
பன்னிரண்டாவது துளை நோஸ்கேயின் மேய்ச்சல் நிலத்தில்.
கொழுத்த சாம்பல்நிறக் களி,
உள்ளங்கையில் உருட்டினால் நூலாக நீண்டது, அறவில்லை.
அவருக்கு முன்பே தெரியும்.
பிப்ரவரி வெயிலிலும்
அவருடைய ஆட்டுக் குட்டை வற்றியதில்லை.

கன மீட்டருக்கு ஆறு டாலர் என்றோம்.
பேக்கரி ரசீதின் பின்புறம்
பத்தொன்பது என்று எழுதித் தள்ளினார்.
அடுத்த குவாரி தொண்ணூறு கிலோமீட்டர்,
லாரி வாடகையோடு நாற்பத்து நான்கு ஆகும்;
அதையும் அவரே விசாரித்து வைத்திருந்தார்.
"வெளியே நிற்பவளிடம் வாங்கி
உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுங்கள், நல்லதுதான்.
வெளியாள் விலை கொடுத்துவிடுங்கள்."
பதினேழுக்கு முடிந்தது.

அன்றிரவு வாடகை அறையில் அகராதி புரட்டினேன்.
கோடு என்றால் வரி. கோடு என்றால் கரையும்தான்.
கோடுதல் என்றால் வளைதல்,
ஒரு பக்கமாகச் சாய்தல்.
மூன்றையும் ஒரே மாதத்தில் செய்திருக்கிறேன்,
அரசு முத்திரையோடு.

கரை எழுந்தது. ரோலர்கள் போயின.
குழியில் மழைநீர் நின்றது,
எங்கள் எந்த அறிக்கையிலும் வராத
இரண்டு கூழைக்கடாக்கள் அதில் இறங்கின.

மண் காசில் லோரெய்ன் வீட்டைத் தூக்கினார்.
இருபத்திரண்டு இரும்புக் கால்கள்,
ஓடு உடையாமல், நாளுக்கு ஒரு சாணாக.
ஜாக்கி வைத்தவர்கள் ஊரில் இருக்கும்போதே
பக்கத்து இரண்டு வீடுகளும் ஏறின;
முன்பணம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

தரைமட்டச் சான்றிதழுக்காகப் படியேறிப் போனேன்.
சமையலறை ஜன்னலில் கரைக்கு மேலாக
ஆலைக் கூரை தெரிந்தது, பள்ளி மைதானம் தெரிந்தது,
தொலைவில் என் அலுவலகக் கொடிக்கம்பம்.
தேநீர் ஊற்றியபடி சொன்னார்:
"உங்கள் கரை கொஞ்சம் தாழ்வு போலிருக்கிறதே."
அளந்தேன்.
நாற்பது சென்டிமீட்டர்.

திரும்பி வந்து வரைபடத்தைத் திறந்தேன்.
கோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது;
மூன்று வீடுகளில் மட்டும்
இப்போது தரைக்கு அடியில் ஓடுகிறது.
இரண்டின் வாசலில் விற்பனைப் பலகை.

ஆறாவது, ட்ரெவர் ஹென்ஷ்கேயின் வீடு.
அவர் நிலத்திலும் துளையிட்டோம்,
தானாகவே வந்து கேட்டார் என்பதற்காக.
மணல்.
அங்கே கோடு இன்னும்
அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே போகிறது.